மூன்று தடவை போட்ட திருவுளச்சீட்டு

"அரசியல் ஒரு சாக்கடை" என்று எங்கள் வீட்டு ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து சொன்னவர் எங்கள் சர்ச் சபையின் செயலாளர். போன சபைத் தேர்தலில், படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவிகளைக்கூட வேன் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டுப் போட வைத்தவர் அவர்தான். ஓட்டுப் போட்டவர்களுக்கு ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். எனக்கும் ஒன்று கையில் திணித்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்துப் பார்க்கவும் மனசில்லாமல் தெரு நாய்க்குப் போட்டேன்.

அப்படிப்பட்டவர்தான் சாக்கடை என்று மூக்கைச் சுளித்தார். நான் அவருக்குக் காபி நீட்டினேன். ஆம்பிளைகள் பேசுகிற இடத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கம் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்யாணம் ஆகாதவள். தம்பி வீட்டில் இருக்கிறேன், சமையல்கட்டு என்னுடையது. வீட்டில் ஒரு முடிவு எடுக்கிறார்கள் என்றால் எனக்கு அது பாத்திரம் கழுவும்போதுதான் தெரியும்.

அன்றைக்குப் பேச்சு என் தம்பி மகளைப் பற்றி. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். பொலிட்டிக்கல் சயின்ஸ் படிக்கப் போகிறேன், அதன் பிறகு வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீடே இரண்டுபட்டது. இரண்டுபட்டது என்றுகூடச் சொல்லக்கூடாது. ஒரு பக்கம் அவள் மட்டும். அவள் பின்னால் நான் நின்றேன், அது யாருக்கும் தெரியாது.

அவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நான் கூடவே இருந்தேன்.

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீரெல்லாம் எங்கள் தெருவுக்கு வரும். அது எல்லாருக்கும் உள்ள கதைதான். ஆனால் மழை நின்று, வெயில் அடித்து, மற்ற தெருவெல்லாம் காய்ந்த பிறகும் எங்கள் வாசலில் கறுப்பாக ஒரு தண்ணீர் நிற்கும். அது மழைத்தண்ணீர் இல்லை. பின்பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளின் கழிவு. கோலம் போடுகிற வீட்டுக்காரர்கள் கோலத்தை விட்டுவிட்டார்கள். நாங்கள் ஜன்னலைத் திறப்பதை விட்டுவிட்டோம். சாப்பிடும்போது அந்த நாற்றம் தட்டு வரைக்கும் வரும்.

தம்பிக்கு வேலைக்குப் போகவே நேரம் சரியாக இருந்தது. அவன் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அதனால் மகள்தான் மனு எழுதினாள். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போனாள். எந்த ஆபீஸ் என்று நான் சொல்லப் போவதில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.

முதல் இடத்தில் இருந்தவர் மனுவைக் கையில்கூட வாங்கவில்லை. "இது எங்க லிமிட் இல்லம்மா."

"அப்ப யாரோட லிமிட் சார்?"

"ரோட்டுக்கு அந்தாண்ட வேற ஆபீஸ்."

அங்கே போனோம். "ரோடு எங்களுது. பக்கத்துல ஓடற கால்வா எங்களுது இல்ல" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒருத்தர் முறுக்கு தின்றுகொண்டே, "உங்கள யாரும்மா இங்க அனுப்புனது?" என்று கேட்டார். முறுக்குத் தூள் மனுவின் மேல் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. இவள்தான் துடைத்தாள்.

எனக்கு அழுகை வந்தது. இவளுக்குச் சிரிப்பு. ஷேர் ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: "ஒரே ஒரு சாக்கடை அத்தை. அதுக்கு மூணு ஆபீஸ். மூணு பேரும் எங்க குழந்தை இல்லங்கிறாங்க. இது ஏன் இப்படி ஆகுதுன்னு படிக்கறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு, தெரியுமா உனக்கு?"

எனக்கு எங்கே தெரியும்? அதற்குப் பிறகு ஒருநாள், நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்து உருவிக்கொண்டே விவரமாகச் சொன்னாள்.

"பொலிட்டிக்கல் சயின்ஸ் மூணு வருஷம். அரசாங்கம்னா என்னது, சட்டம் எங்க பொறக்குது, ஓட்டு போடற உரிமை எப்படி வந்துச்சு, அதெல்லாம். பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்னு இன்னொண்ணு இருக்கு. அதுவும் மூணு வருஷம். அந்தச் சட்டம் ஆபீசுக்குள்ள போய் என்ன ஆகுது, ஃபைலு எந்த மேஜையில படுத்துக்குது, ஏன் எந்திரிக்கல, அது. இந்த ரெண்டுல எத முடிச்சாலும் மேல மூணு வருஷம் லா படிக்கலாம். இல்லையா, பிளஸ் டூ முடிச்ச கையோட நேரா அஞ்சு வருஷ லா. அதுக்குத் தனியா அப்ளை பண்ணணும்."

"உனக்கு எது வேணும்?"

"லா தான். ஆனா மொதல்ல இத புரிஞ்சிக்கிட்டு அப்புறம் போலாம்னு பாக்கறேன்."

"கட்சியிலெல்லாம் சேரணுமா?" என்று கேட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

அவள் கீரைக் காம்பை என் மேல் எறிந்தாள். "பூகோளம் படிக்கறவங்கள்லாம் மலை ஏறிக்கிட்டா இருக்காங்க?"

சென்னையில் ஒரு அரசு மகளிர் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வழியாக விண்ணப்பித்திருந்தாள். பொலிட்டிக்கல் சயின்ஸ், பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் இரண்டுக்குமே எழுதியிருந்தாள். தரவரிசையில் அவள் பெயர் வந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை கலந்தாய்வு. அன்றைக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு நேரில் போய் நிற்க வேண்டும். போகாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு.

தம்பி போகமாட்டேன் என்றான். அதற்குக் காரணம் படிப்பு இல்லை. செயலாளர் ஏற்கனவே ஒரு தனியார் கல்லூரியில் பி.காம் இடத்துக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கல்லூரி நிர்வாகத்தில் அவருக்குக் கை உண்டு. இந்த வருஷம் மறுபடி சபைத் தேர்தல். அவருடைய அணியில் தம்பியும் கமிட்டிக்கு நிற்பதாக இருந்தான். அவர் வாங்கித் தருகிற இடத்தை வேண்டாம் என்றால் அவர் முகம் வாடும். முகம் வாடினால் அணியில் வேறு ஆள். இவ்வளவுதான் விஷயம். அதை விஷயமாகச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "அரசியல் சாக்கடை, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று ஆரம்பித்தார்கள்.

தம்பி பெண்டாட்டிக்கு வேறு பயம். "வக்கீலுக்குப் படிச்சவன்னா மாப்பிள்ள வீட்டுக்காரன் கேட்டைத் தொறக்காமலே திரும்பிடுவான் அண்ணி. இப்பவே நாம ஒரு வார்த்த சொன்னா பத்து வார்த்த திருப்பிச் சொல்றா" என்று என்னிடம் புலம்புவாள். எனக்கு ஆமாம் போடவும் மனசில்லை, இல்லை என்று சொல்லவும் வாயில்லை. வெங்காயம் நறுக்குவேன்.

நடுவில் ஒருநாள் தம்பி அவளைத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மனசு மாறுவாள் என்று. நானும் போயிருந்தேன். பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற மேடையில் ஒருத்தர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். கீழே வரிசையாக மேஜை போட்டு, டை கட்டிய பையன்கள் போகிறவர் வருகிறவர் கையைப் பிடிக்காத குறையாக இழுத்தார்கள். மீன் மார்க்கெட்டில்கூட அவ்வளவு இழுப்பு இல்லை. ஒரு மேஜையில் இவள் நின்று, "பொலிட்டிக்கல் சயின்ஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

"அது இல்ல மேடம். பி.பி.ஏ. எடுத்துக்கோங்க."

"பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்?"

"அதான் மேடம் பி.பி.ஏ. ரெண்டும் அட்மினிஸ்ட்ரேஷன்தானே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை அடக்க. அந்தப் பையன் எங்களுக்கு ஒரு துணிப்பை கொடுத்தான். அவ்வளவுதான் அங்கே படிப்பைப் பற்றிக் கிடைத்தது.

அவள் மசியவில்லை என்றதும்தான் செயலாளர் வீட்டுக்கு வந்தார். சாக்கடைப் பேச்செல்லாம் பேசி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மனுஷ சித்தம் எதுக்கு? திருவுளச்சீட்டு போட்டுடலாம்" என்றார்.

எங்கள் சபையில் அது பழைய வழக்கம். ஒரு காரியத்தில் முடிவு தெரியாமல் குடும்பம் தவித்தால், காகிதத் துண்டுகளில் எழுதி மடித்து, ஜெபம் பண்ணி, யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எது வருகிறதோ அது கடவுளின் சித்தம். அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது. வீடு வாங்கப் போட்டிருக்கிறார்கள், மாப்பிள்ளைக்குப் போட்டிருக்கிறார்கள். நான் அதை நம்புகிறவள். இன்றைக்கும் நம்பத்தான் ஆசை.

அவள் யோசித்தாள். பிறகு, "சரி அங்கிள். ஆனா எது வந்தாலும் அப்பாவும் ஒத்துக்கணும்" என்றாள். தம்பி, "கர்த்தர் காட்டினா நான் யாரு மறுக்க?" என்றான். நன்றாகத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை சாயந்திரம். செயலாளர் வேட்டி மடிப்புக் கலையாமல் சோபாவில் உட்கார்ந்து துண்டுக் காகிதங்களில் எழுதினார். ஒன்றில் பி.காம். இன்னொன்றில் நர்ஸிங். நர்ஸிங் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவதில் எழுதப் போகும்போது இவள், "பொலிட்டிக்கல் சயின்சுக்கு ஒண்ணு, பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு ஒண்ணு, அஞ்சு வருஷ லாவுக்கு ஒண்ணு போடுங்க அங்கிள்" என்றாள்.

"எல்லாம் ஒரே சாக்கடதாம்மா. ஒரு சீட்டு போதும்" என்று சிரித்துவிட்டு, பொலிட்டிக்கல் சயின்ஸ் என்று மட்டும் எழுதினார்.

எடுப்பது யார் என்று பேச்சு வந்தது. சின்னப் பிள்ளைகள் எடுப்பதுதான் வழக்கம். வீட்டில் சின்னப் பிள்ளை இல்லை. செயலாளர் என்னைப் பார்த்தார். "அக்கா எடுக்கட்டும். இங்கிலீஷ்லதான் எழுதியிருக்கேன். எழுத்து வெளிய தெரிஞ்சாலும் அக்காவுக்குப் படிக்க வராது. கை சுத்தம்."

பாராட்டு மாதிரிதான் சொன்னார். எனக்குச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நான் பருப்பு ஊறவைக்கிற எவர்சில்வர் கிண்ணத்தில் மூன்று சீட்டையும் போட்டார். ஜெபம் பண்ணினார். அதை ஜெபம் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளை கணக்கு வழக்குப் படித்து, பாங்கிலே உத்தியோகம் பார்த்து, நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, உமக்குச் சாட்சியாக விளங்கும்படி..." என்று கடவுளிடமே பி.காமுக்கு ஓட்டுக் கேட்டார். தம்பி ஒவ்வொரு வரிக்கும் ஆமென் சொன்னான்.

நான் கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரித்தார். வாயில் கசப்பு மாத்திரை பட்ட மாதிரி முகம் ஆனது. காகிதத்தை மறுபடி மடிக்கப் போனார். இவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"பொலிட்டிக்கல் சயின்ஸ்!"

"இரும்மா, இரும்மா" என்றார் செயலாளர். "ஜெபம் நடுவுல குக்கர் விசில் அடிச்சுச்சு. எனக்கே ஒரு நிமிஷம் கவனம் போயிடுச்சு. அது செல்லாது."

"ஆமாண்ணே, நானும் திரும்பிப் பாத்தேன்" என்றான் என் தம்பி. என் பக்கம் திரும்பி, "அடுப்ப அணைச்சிட்டு வாயேன்க்கா. இந்த நேரத்துலயா குக்கர் வெப்பே?" என்றான்.

அணைத்துவிட்டு வந்தேன். மறுபடி ஜெபம். இந்தத் தடவை கொஞ்சம் சுருக்கம், ஆனால் பாங்கு உத்தியோகம் மட்டும் இருந்தது. மறுபடி எடுத்தேன். அவர் பிரிப்பதற்கு முன்னாலேயே இவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அதேதான் வந்தது.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. செயலாளர் கிண்ணத்தைச் சாய்த்து மற்ற இரண்டு சீட்டையும் பார்த்தார். "பாருங்க, இந்த ஒண்ணு மட்டும் மடிப்பு பெருசா இருக்கு. கைக்கு அதான் தட்டுப்படும்."

"மடிச்சது நீங்கதானே அங்கிள்?"

"பெரியவங்ககிட்ட என்ன பேச்சு!" என்று தம்பி அதட்டினான். செயலாளர் பெருந்தன்மையாகக் கையைக் காட்டினார். "விடுங்க. இன்னும் காலேஜ் வாசல மிதிக்கல, அதுக்குள்ள குறுக்கு விசாரண பண்ணுது. இதுக்குத்தான் நான் சொன்னேன்." பிறகு சீட்டுகளை மறுபடி மடித்துக்கொண்டே சொன்னார்: "மூணு தடவ போடறதுதான் முறை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூணாவதுதான் கணக்கு."

இப்படி ஒரு முறையை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். என் கை தானாகப் பின்னால் போனது. முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டேன்.

"எடுங்கக்கா."

"நான் எடுக்கல."

"என்னக்கா?" என்றான் தம்பி. நான் பேசியதே அவனுக்கு ஆச்சரியம்.

"ரெண்டு தடவ எடுத்துட்டேன்ப்பா."

கோர்த்த கையை நான் பிரிக்கவில்லை. அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெண்டாட்டியிடம், "நீ எடு" என்றான். அவள் மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எடுத்தாள். பி.காம் வந்தது.

"ஸ்தோத்திரம்!" என்று இரண்டு ஆம்பிளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். செயலாளர் எழுந்து தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவனே பரீட்சையில் தேறிய மாதிரி.

இவள் அழவில்லை. "நர்ஸிங் வந்திருந்தா நாலாவது தடவைக்கு என்ன கணக்கு சொல்லியிருப்பீங்க அங்கிள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் போன பிறகு அந்தக் கிண்ணத்தை நான் சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். தேய்த்தும் அதில் பருப்பு ஊறவைக்கப் பிடிக்கவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு காலத்தில் சீட்டு போட்டார்கள். ஒரு வரன் வந்திருந்தது. அச்சாபீஸில் வேலை பார்த்தவர். அம்மா நோயில் கிடந்தாள், தம்பி சின்னவன். பெரியவர்கள் முன்ஹாலில் சீட்டு போட்டார்கள், நான் உள்ளே இருந்தேன். வேண்டாம் என்று வந்ததாக வந்து சொன்னார்கள். கடவுளின் சித்தம் என்று நான் ஏற்றுக்கொண்டேன், ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அந்த வெள்ளிக்கிழமை காலையில், இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டேன்: அன்றைக்கு எத்தனை தடவை போட்டிருப்பார்கள்? பதில் சொல்ல யாரும் உயிரோடு இல்லை. மாவு தட்டை விட்டு வழிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. கடவுள் தமக்குச் செய்த நன்மையை யாரும் எழுந்து சொல்லலாம். தேர்தல் நெருங்கினால் நன்மைகள் அதிகமாகும். தம்பி எழுந்து முன்னால் போனான். மைக்கைப் பிடித்தான். மகளின் படிப்பு விஷயத்தில் குடும்பமே கலங்கி நின்றதாகவும், செயலாளர் ஐயா வந்து ஜெபித்ததாகவும், திருவுளச்சீட்டு போட்டதாகவும், கர்த்தர் பி.காம் என்று தெளிவாக வழிகாட்டியதாகவும் சொன்னான். சொல்லும்போது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்கிறவனுக்கு அழுகை எப்படி வரும்? சபை ஆமென் என்றது.

பெண்கள் பக்கத்தில் எனக்கு ஒருபுறம் தம்பி பெண்டாட்டி, மறுபுறம் மகள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது. அந்தக் கோயிலில் நான் பாடும்போதுகூட வாயைச் சின்னதாகத்தான் திறப்பேன்.

"சீட்டு மூணு தடவ போட்டாங்க" என்றேன். "மொத ரெண்டு தடவ நான்தான் எடுத்தேன். ரெண்டு தடவையும் பிள்ள கேட்ட படிப்புதான் வந்தது. அதையும் சேத்துச் சொல்லணும் இல்ல?"

மைக் இல்லை. முன்னால் இரண்டு வரிசை, பின்னால் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். யாரோ ஒருத்தி "இன்னாது?" என்றாள். ஆயர் என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்லதும்மா, கர்த்தர் நல்லவர், உட்காருங்க" என்றார். செயலாளர் பாடகர் குழுவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கீபோர்டுக்காரர் அவசரமாக ஏதோ ஒரு பாட்டை ஆரம்பித்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தேன், அதனால் நான் எதற்காக எழுந்தேன் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாமல் போயிற்று. உண்மையைக்கூட அங்கே இவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிடுகிறார்கள். தெருச் சாக்கடையைத்தான் துடைக்க ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தான். "என்னை சபை நடுவுல துணி உரிச்சிட்டேக்கா. உனக்கு இந்த வீட்டுல என்ன கொறச்சல் வெச்சேன்? வாயில்லாத பூச்சின்னு நெனச்சா, நேரம் பாத்துக் கடிக்கறே!"

நான் சுவரோடு நின்றேன். பதில் வந்தது வேறு இடத்திலிருந்து.

"அண்ணி சொன்னதுல எது பொய்?" என்றாள் தம்பி பெண்டாட்டி. கோயில் சேலையைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ உள்ள போ."

"போறேன். ஆனா ஒண்ணு. மூணாவது தடவை என் கையால எடுக்க வெச்சீங்க. இனிமே நான் சாகற வரைக்கும், சோறு போட்டாலும் தண்ணி குடுத்தாலும், அவ இந்தக் கையத்தான் பாப்பா. உங்களுக்கென்ன, நீங்க ஆமென் சொல்லிட்டு போயிட்டீங்க." பிறகு மகள் இருந்த அறைப் பக்கம் திரும்பி, "ஏய், நாளைக்கு எத்தன மணிக்குடி அங்க இருக்கணும்?" என்று கேட்டாள்.

கதவு திறந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

திங்கட்கிழமை விடியும்போதே தாயும் மகளும் கிளம்பினார்கள். புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். தம்பி வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று படுத்திருந்தான். மத்தியானம் சோறு போட்டேன். என்னைப் பார்க்காமல் தின்றான். ரசம் வேண்டுமா என்றதற்குக் கையை மட்டும் ஆட்டினான். செயலாளரிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

இரண்டு பேரும் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எலக்ட்ரிக் ரயிலில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். அவளுக்கு முன்னால் இருந்த பெண்களோடு பொலிட்டிக்கல் சயின்ஸ் இடங்கள் முடிந்துவிட்டன. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் கிடைத்தது. இவள் செருப்போடு சமையல்கட்டுக்குள் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "ஃபைலு எந்த மேஜையில தூங்குதுன்னு மூணு வருஷம் படிக்கப் போறேன் அத்தை. அப்புறம் லா." அவள் அம்மா தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எவ்வளவு கூட்டம் அண்ணி! எல்லாம் நம்மள மாதிரி வீட்டுப் பொண்ணுங்க. ஒருத்திகூட அப்பாவோட வரல, எல்லாம் அம்மாங்கதான்" என்றாள். அவள் முகத்தில் களைப்பும் ஒரு திமிரும் இருந்தது. அந்தத் திமிர் அவளுக்கு அழகாக இருந்தது.

தம்பி அறை வாசலில் வந்து நின்றான். "என்ன கோர்ஸ்?" என்று கேட்டான். அவள் சொன்னாள். "அதுக்கு வேலை கிடைக்குமா?" என்றான். "கவர்மெண்ட் பரீட்சை எல்லாத்துக்கும் இதுதான்ப்பா" என்றாள். அவன் உம் என்றான். நான் ஒரு கணம் நினைத்தேன், மனசு இளகிவிட்டது, மகள் தலையில் கையை வைப்பான் என்று. அவன் போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனான்.

ஹாலில் பேசுவது சமையல்கட்டுக்கு நன்றாகக் கேட்கும்.

"ஆமாண்ணே... கவர்மெண்ட் காலேஜ்... மெரிட்லயே கிடைச்சிருச்சு. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன். கலெக்டர் ஆபீஸ் வேலைக்கெல்லாம் இதான் படிப்பாம்... இல்லண்ணே, பி.காம் சீட்ட வேற யாருக்காவது குடுத்துருங்க, அந்த மூணாவது தெரு சபைப் பிள்ளைக்கே குடுங்க, நானே நேர்ல போய்ச் சொல்றேன், அவங்க வீட்ல எட்டு ஓட்டு... ஆமாண்ணே. ரெண்டு தடவ கர்த்தர் காட்டினாரு இல்ல? நமக்குத்தான் புரியல. எல்லாம் உங்க ஜெபம்தாண்ணே."

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சொல்லுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அடிவயிற்றிலிருந்து வந்தது. தெருவில் நிற்கிற கறுப்புத் தண்ணீரைத் தாண்டும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

தம்பி சமையல்கட்டு வாசலுக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. போனை என் பக்கம் நீட்டினான். "அக்கா, செயலாளர் உன்கிட்ட பேசணுமாம். உனக்கு வாழ்த்து சொல்லணுமாம். நீதானே ரெண்டு தடவ எடுத்தே?"

நான் அவளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து புளிசாதத்தைத் தவிர ஒன்றும் தின்னாத பிள்ளை.

"எனக்கு அவர்கிட்ட பேச ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

"லைன்ல இருக்காருக்கா. மெதுவாப் பேசு."

நான் மெதுவாகப் பேசவில்லை. "அவருக்குக் கேக்கட்டும்னுதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு தோசையைத் திருப்பிப் போட்டேன். போனுக்குள்ளிருந்து அவர் "அக்கா... அக்கா... ஸ்தோத்திரம் அக்கா" என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி பெண்டாட்டி எழுந்து வந்து, மகளுக்குத் தோசை வாங்கத் தட்டை என்னிடம் நீட்டினாள்.